பதினொரு மணிச் சத்தம்

உடையாம்புரத்தில் காகிதங்கள் பேச ஆரம்பித்தது மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் ஓர் அறிகுறியும் இல்லை; பல்லி சொல்லவில்லை, நாய் ஊளையிடவில்லை, கோயில் பூசாரிக்குக் கனவு வரவில்லை. யார் வீட்டில் எந்தக் காகிதத்தில் பாஸ்வேர்டு எழுதியிருந்ததோ அந்தக் காகிதம், எழுதியவர் குரலிலேயே, எழுதியதை வாய்விட்டுச் சொன்னது. காலண்டரின் பின்பக்கம் சொன்னது, ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டு சொன்னது, கடுகு டப்பாவின் அடியில் ஒட்டிய தாள் சொன்னது, சாமி படத்துக்குப் பின்னால் பென்சிலால் கிறுக்கியது சொன்னது. தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை தம்முடைய ஏடிஎம் அட்டையின் நாலு எண்ணை அட்டை உறையிலேயே எழுதி வைத்திருந்தார்; பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது அவர் சட்டைப்பை அவர் குரலில் அந்த நாலையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னது; அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்து போனார்.

அன்றிலிருந்து தினமும் அதே மணிக்கு ஏன் பேசுகிறது என்று ஊர் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று யோசித்து யோசித்து ஓய்ந்துபோன கரிசல் ஊர் அது. ஒன்று நடந்துவிட்டால், நடந்ததை வைத்துக்கொண்டு எப்படிக் காலந்தள்ளுவது என்பதில்தான் அதற்குப் பழக்கம். ஒருத்தர் காகிதத்தை எரித்துப் பார்த்தார். சாம்பல் மூன்று நாள் பேசியது. ஒருத்தி கிணற்றில் போட்டாள். வாளியில் வந்த தண்ணீர் சொன்னது. பேனாவால் அடித்துவிட்ட எழுத்து மட்டும் பேசுவதில்லை என்று நாலாம் நாள் தெரிந்தது. ஆனால் அடித்துவிட்டால் பாஸ்வேர்டும் போச்சு, எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள இந்தக் காலத்தில் யாரால் முடிகிறது.

ஆகவே ஊர் தனக்கென்று ஒரு மரியாதையை உண்டாக்கிக்கொண்டது. பதினொரு மணி அடித்தால் எல்லாரும் சத்தம் போட வேண்டும். அடுத்தவர் வீட்டுக் காகிதம் சொல்வது நம் காதில் விழக்கூடாது, நம் வீட்டுக் காகிதம் சொல்வதை அடுத்தவர் கேட்டுவிட்டார் என்ற கூச்சம் அவருக்கு வரக்கூடாது. காலையில் அரைக்கிற இட்லி மாவைப் பதினொரு மணிக்குத் தள்ளி வைத்தார்கள், மாவு மில்லைப் பதினொரு மணிக்குத்தான் ஓட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைப் பதினொரு மணிக்குச் சொன்னார்கள், வெளியூர் பஸ்காரர்கள் முதலில் ஒன்றும் புரியாமலும் பிறகு புரிந்தும் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்கள். எழவு விழுந்த வீட்டில் மிக்ஸி போடக்கூடாது என்பதால், அழுது ஓய்ந்த பெண்கள் பதினொரு மணிக்கு இன்னொரு தடவை எழுந்து மாரடித்தார்கள். பொதுவாக ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிஷத்தில் வீட்டுக் காகிதங்கள் சொல்லி முடித்துவிடும். ஆனாலும் ஊர் நாற்பது நிமிஷம் சத்தம் போட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தவசி கம்ப்யூட்டர்ஸில் ஒரு நீள நோட்டு இருந்தது. அது சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.

அந்தக் கடையை இப்போது நடத்துகிறவள் மாரிக்கனி. அவள் புருஷன் தவசிலிங்கம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓடும்போது கடையே அதிர்கிற பழைய ஜெராக்ஸ் மிஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் கடை. பட்டா, சாதிச் சான்று, கேஸ் சிலிண்டர் பதிவு, பரீட்சை முடிவு, எல்லாவற்றுக்கும் ஊர் அங்கேதான் வரும். எல்லாவற்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். வந்தவர்கள் போன தடவை வைத்ததை மறந்துவிட்டு நிற்பார்கள். தவசிலிங்கம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

“ஒங்களுக்கு மறக்கவே முடியாத ஒண்ணைச் சொல்லுங்க. பேரோ, ஊரோ, வருஷமோ, எதுவா இருந்தாலும் சரி” என்பார். சொல்வதற்கு வாயெடுக்கும்போது கையைக் காட்டி நிறுத்துவார். எழுந்துபோய் ஜெராக்ஸ் மிஷினை வெறுமனே ஓடவிடுவார். நாற்காலியில் காத்திருக்கிறவர்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மிஷின் கடகடவென்று வெற்றுத்தாளைத் தள்ளிக்கொண்டிருக்க, வந்தவர் குனிந்து அவர் காதில் சொல்வார், அவர் நோட்டில் எழுதுவார். ஊர் பின்னால் கண்டுபிடித்த மரியாதைக்கு விதை அந்த மிஷின்தான் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை.

மற்ற ஊரில் பாஸ்வேர்டு என்றால் வெறும் பாஸ்வேர்டு. உடையாம்புரத்தில் அது மனுஷனின் அடிவயிற்றில் கிடப்பது. செத்துப்போன காளையின் பெயரைச் சொன்னவர் உண்டு, மகன் ஏறிப்போன ரயிலின் எண்ணைச் சொன்னவர் உண்டு, தாலி இறக்கிய தேதியைச் சொன்னவள் உண்டு, பேச்சு முறிந்துபோன அண்ணன் பெயரைச் சொன்னவர் உண்டு, கைகூடாமல் போனவளின் பெயரைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொன்னவர் உண்டு. இன்னது இன்னாருடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. காகிதம் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகு அதை எழுதுவது முறையாகாது. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னார்கள், எண்ணூற்றுப் பன்னிரண்டு வரி அந்த நோட்டில் இருந்தது, எல்லாம் தவசிலிங்கத்தின் கையெழுத்து.

அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேஜை இழுப்பறைக்குள்ளிருந்து தவசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தபோது, மாரிக்கனி கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது. கடையில் அன்று நல்லவேளையாக யாரும் இல்லை. அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இழுப்பறையைத் திறந்து, நோட்டைக் கையில் எடுத்து, நாற்பது நிமிஷமும் நின்றபடியே கேட்டாள்.

மறுநாளிலிருந்து அது வழக்கமானது. ஊர் முழுக்கச் சத்தம் போடும் அந்த நாற்பது நிமிஷத்தில், சத்தம் போடாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். நோட்டுக்குக் காவல் இருக்கிறாள் பாவம் என்று ஊர் நினைத்தது. அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொற்களைக் கேட்கவில்லை, குரலை மட்டும்தான் கேட்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை.

எழுதிய அன்றைக்கு அவர் எப்படி இருந்தாரோ அப்படியே குரலும் இருந்தது. முப்பதாம் பக்கத்தில் ஜலதோஷம். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பதினோரு வரி வெடுக்வெடுக்கென்று வந்தது. அவளுடைய தம்பி கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்று அவர் சண்டை போட்ட நாள் அது. ஐம்பதாம் பக்கத்தில் வாயில் வெற்றிலையோடு பேசினார். கடைசிப் பக்கங்களில் நாலு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள். கடை திறந்த நாளிலிருந்து நடத்திய குடித்தனம் அந்த நோட்டுக்குள் வரிசையாக இருந்தது, ஒரு வார்த்தைகூட அவளைப் பற்றியது இல்லை என்றாலும். ஃபோனில் பதிவு பண்ணிப் பார்த்தாள். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் விழுந்திருந்தது. கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம்தான் கேட்கிறதே தவிர அவர் குரல் கேட்காது. ஆகவே அந்த நோட்டை விட்டால் அவர் குரலுக்கு வேறு இடம் கிடையாது.

முதல் வரி மட்டும் அவளுடையது. கடை திறந்த புதிதில், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் பெயரில்தான் முதல் கணக்கு போட்டார். மறக்கவே முடியாத ஒண்ணைச் சொல்லு என்று அவளிடமும் கேட்டார். கடையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை; ஆனாலும் எழுந்துபோய் மிஷினை ஓடவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து அவர் காதில் சொன்னாள். சொன்னது ஒரு சொல் அல்ல, ஒரு முழு வாக்கியம். அவர் அதை இடைவெளி விடாமல் அப்படியே எழுதிக்கொண்டார், காது சிவந்திருந்தது. பேசும் நோட்டு தினமும் அதில்தான் ஆரம்பித்தது.

சித்திரை மாதம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். இந்த இரண்டு மாதத்தில் ஊருக்குச் சோம்பலும் வந்துவிட்டிருந்தது. தட்டைத் தட்டுவது, உரலில் இடிப்பது எல்லாம் போய், சத்தம் முழுவதும் ஸ்விட்சுக்கு வந்து நின்றுவிட்டது. ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு, கரண்ட் போனது. மிக்ஸிகள் நின்றன, மாவு மில் நின்றது, கோயில் ஒலிபெருக்கி நின்றது, பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடிக்கிற மோட்டார் நின்றது. அந்த அமைதியில் தவசிலிங்கத்தின் குரல் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே நுழைந்து பஜார் முழுக்கக் கேட்டது. மாரிக்கனி நோட்டை மடியில் வைத்துக் குனிந்து மூடினாள், மேலே தலையணையைப் போட்டு அமுக்கினாள், கடைசியில் அவளே வாய்விட்டுக் கத்தினாள். ஊர் சுதாரித்துக் கையில் கிடைத்ததைத் தட்ட ஆரம்பிப்பதற்குள் எட்டு வரி போய்விட்டது.

எட்டில் ஏழு பேருடையதை ஊர் கேட்காதது மாதிரி இருந்துகொண்டது. அந்த மரியாதையும் அதற்குத் தெரியும். எட்டாவது, பஞ்சர் கடை அய்யாத்துரையின் மனைவி தங்கபுஷ்பத்தினுடையது. ஒரு பெண் குழந்தையின் பெயரும் ஒரு வருஷமும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்த அய்யாத்துரை அதைக் கேட்டார். கேட்டுவிட்டு டியூபை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். கடையைப் பூட்டவில்லை, அடுத்த நாட்களில் கடைக்கு வரவும் இல்லை.

நாலாம் நாள் தங்கபுஷ்பம் வந்து மாரிக்கனிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒம்பது நாள்தான் இருந்துச்சு அந்தப் பிள்ள” என்றாள் தங்கபுஷ்பம். “இருபத்தாறு வருஷம் ஆச்சு. அந்தப் பேரை இனிமே வீட்டுல எடுக்கப்படாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாரு. அவரு மறந்துட்டாருன்னு நான் நெனச்சேன். நான் மறந்துட்டேன்னு அவரு நெனச்சிருக்காரு. இப்ப மூணு நாளா சோறு எறங்கல அவருக்கு.”

“புஷ்பக்கா, நான் வேணும்னு…”

“ஒன்னைய யாரு சொன்னா? கரண்டு போனதுக்கு நீ என்ன செய்வ? ஆனா மாரிக்கனி, அந்தப் பேரு எங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும். பஜார்ல வேணாம். அதை அடிச்சுரு.”

நோட்டில் மாரிக்கனிக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். மற்ற வரிகளை அவர் மளமளவென்று சொல்லிக்கொண்டு போவார். அந்த ஒரு வரியில் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகுதான், தணிந்த குரலில், வருஷத்தைச் சொல்வார். சொன்ன அன்று தங்கபுஷ்பம் அழுதிருக்கிறாள், அவள் அழுது முடிக்கிறவரை அவர் பேனாவை எடுக்காமல் இருந்திருக்கிறார். அந்த இடத்தில் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும் மாரிக்கனிக்கு. அந்த மூச்சுக்காகத்தான் தினமும் அந்த இருபதாவது நிமிஷம் வரைக்கும் அசையாமல் காத்திருப்பாள்.

“ரெண்டு நாள் பொறுங்கக்கா. எடுத்து வேற எதுலயாவது வச்சுட்டு அடிச்சுருதேன். அடிச்சுட்டா ஒங்க கணக்கு எதையும் தொறக்க முடியாது” என்றாள். அதுவும் உண்மைதான், அதனால் கூச்சப்படாமல் சொல்ல முடிந்தது.

வேறு எதில் வைப்பது என்பதற்குச் செல்லக்கிளி பதில் வைத்திருந்தாள். தவசிலிங்கத்தின் தங்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், வாயும் கையும் ஒரே வேகத்தில் போகிறவள். அவளுடைய மணிபர்ஸ் பேசிய வாரமே பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்கிற ஒரு செயலியை ஃபோனில் இறக்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுச் சீட்டை அடித்துவிட்டாள். ஊரில் அதைப் பூட்டு ஆப் என்றார்கள்.

“ஊரையே இதுக்குள்ள போடச் சொல்லுதியா?” என்றாள் மாரிக்கனி. “எவன் செஞ்சது, எங்க இருக்கான், ஒண்ணும் தெரியாது. நாளைக்கு அவன் கடையை மூடிட்டுப் போயிட்டா? எவனாவது ஒடச்சு எடுத்துட்டா? ஃபோன் கெணத்துல விழுந்துட்டா?”

“விழுந்தா வேற ஃபோன்ல தொறந்துக்கலாம் மதினி. கடையை மூடினா அதுக்கு முன்னாடி எடுத்துக்கலாம். ஒரு காலத்துலயும் ஒடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஊசி போடுறவ நான், நூத்துக்கு நூறுன்னு எந்த நோயாளிகிட்டயும் சொன்னதில்ல. ஆனா ஒங்க நோட்டு இப்பவே ஒடஞ்சுதான கெடக்கு?”

“மொகம் தெரியாதவன்கிட்டக் குடுக்கணுமே கிளி.”

“அவனுக்கும் எதுவும் தெரியாதாம். எல்லாத்தையும் கலைச்சுப்போட்டு வச்சிருக்கும். நீங்க ஒரே ஒரு வார்த்தை வைக்கணும், அதைச் சொன்னாத்தான் சேரும். அந்த வார்த்தை அவன்கிட்டக்கூடக் கெடையாது.”

“அதை நான் மறந்துட்டா?”

“போச்சு. யாராலயும் எடுத்துக் குடுக்க முடியாது. அவனே போட்டிருக்கான் பாருங்க.”

மாரிக்கனி அதைத் தானே படித்தாள், எழுத்துக்கூட்டி இரண்டு தடவை. நீங்கள் மறந்தால் எங்களால் உதவ முடியாது என்று போட்டிருந்தது. அதுவரை அந்த ஆப் சொன்னதில் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு, உலகத் தரம் என்பதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்கிறவன் பேச்சாக இருந்தது. முடியாததை முடியாது என்று சொல்லியிருந்த அந்த ஒரு வரி பிடித்தது. அவள் புருஷனும் அப்படித்தான். ஆகாத விண்ணப்பத்தை ஆகாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவார்.

பிடித்தாலும் உடனே கொடுத்துவிடவில்லை. அவளுக்கென்று ஒரு சோதனை இருந்தது. எப்போதோ வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயரை ஒரு பாஸ்வேர்டாக ஆப்பில் போட்டாள். மறுநாள் பதினொரு மணிக்கு நோட்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, ஃபோனை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் காதை அருகில் கொண்டுபோனாள். ஃபோன் பேசவில்லை. ஒன்பது நாள் அப்படிக் கேட்டாள். அந்தக் குழந்தை இருந்த ஒன்பது நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டாளோ, தானாக அமைந்ததோ, தெரியாது. ஒன்பது நாளும் ஃபோன் வாயைத் திறக்கவில்லை. தட்டில் அவள் முகம்தான் தெரிந்தது.

நம்பலாம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த அன்று அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. இனிமேல் பதினொரு மணி எப்படி இருக்கும் என்பதை அந்த ஒன்பது நாளும் அவள் கேட்டிருக்கிறாள்.

ஆகவே பத்தாம் நாள் செல்லக்கிளியிடம், “எனக்கு என்னமோ அந்த ஆப் மேல நம்பிக்கை வரல” என்றாள்.

செல்லக்கிளி எதிர்வாதம் செய்யவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஆப்பை நம்பாம இல்ல நீங்க” என்றாள். “அண்ணன் கொரலை விட மனசில்ல.”

மாரிக்கனி துணியை எடுத்து இழுப்பறையின் மேல் தூசியைத் துடைத்தாள்.

“நானும் ரெண்டு மாசமா ரோட்டுல நின்னு, அம்புட்டுச் சத்தத்துக்குள்ளயும் ஒரு எழுத்தாவது காதுல விழுமான்னு பாக்குதேன் மதினி. கேக்கப்படாது, தப்புன்னு போயிருவேன்.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஒரே ஒரு நாள் உள்ள உக்காந்து கேக்கட்டுமா? மொத வரி ஒங்களுதுன்னு தெரியும். அது முடிஞ்சதும் வாரேன்.”

மறுநாள் பதினொரு மணி தாண்டி ஒரு நிமிஷத்தில் செல்லக்கிளி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். அவளுக்கு முன்பே இன்னொருவர் வந்து வாசலில் நின்றிருந்தார், பஞ்சர் கடை அய்யாத்துரை. இருபதாவது நிமிஷத்துக்கு அவரையும் உள்ளே விட்டாள் மாரிக்கனி. அவர் உட்காரவில்லை. தவசிலிங்கம் அந்தப் பெயரைச் சொன்னார். நிறுத்தினார். அந்த மூச்சு கேட்டது. வெளியே ஊர் கடகடவென்று அரைத்துக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருந்தது. பிறகு வருஷத்தைச் சொன்னார்.

“ஏம்மா, அவுக ஏன் அங்க நிறுத்துதாக?” என்று கேட்டார் அய்யாத்துரை.

“புஷ்பக்கா அன்னைக்கு அழுதிருக்கு. முடிக்கிற வரைக்கும் அவுக எழுதல.”

அய்யாத்துரை தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். “நான் அழ விட்டதில்லம்மா அவளை” என்றார். “இனிமே வீட்டுல சொல்லிக்கிடுதோம். நீ அடிச்சுரு.”

அன்று சாயங்காலம் தங்கபுஷ்பமும் அவரும் சேர்ந்து வந்தார்கள். மாரிக்கனி ஜெராக்ஸ் மிஷினை ஓடவிட்டாள். ஆப் தானாகவே ஒரு புதுப் பாஸ்வேர்டை உண்டாக்கிக் கொடுத்தது, எழுத்தும் எண்ணும் கோடும் புள்ளியுமாக, யாருக்கும் எந்த அர்த்தமும் இல்லாத ஒன்று. தங்கபுஷ்பம் அதைப் பார்த்துவிட்டு, “இது யாரையும் அழ வைக்காது” என்றாள். மாரிக்கனி பேனாவை எடுத்தாள், அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள், போதாதென்று இன்னொரு கோடும் போட்டாள்.

அதன் பிறகு ஊர், வீட்டில் எழுதி வைத்த சீட்டுகளையும் அடித்துவிட எடுத்துக்கொண்டு, வரிசையில் வந்தது. ஆனி முழுக்க வந்தது, ஆடியிலும் வந்தது. ஒவ்வொருவருக்கும் மிஷினை ஓடவிட்டு, பழையதை வைப்பதா புதியது வேண்டுமா என்று கேட்டாள். அர்த்தமில்லாத புதியதை வாங்கிக்கொண்டு, முதுகுச் சுமையை இறக்கிவைத்தவர்களாகப் போனவர்கள் பலர். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை மட்டும் நெடுநேரம் நின்றார். “அந்தப் பேரையும் எடுத்துட்டா, நான் அதை எங்கேம்மா போய்ச் சொல்றது?” என்றார். அவருடையதை அப்படியே போட்டாள். இது வலுவற்றது, மாற்றவும் என்று ஆப் சிவப்பில் காட்டியது. வலு இல்லைதான், நீ சும்மா இரு என்று ஆப்பிடம் சொன்னாள்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரி ஊமையானது. நாற்பது நிமிஷம் முப்பதானது, பத்தானது. ஜலதோஷம் போனது, வெற்றிலை போனது. சண்டை போட்ட நாளின் பதினோரு வரி போன அன்று, அந்தச் சண்டைக்காக அவரை முழுக்க மன்னித்தாள். மூச்சு வாங்கிய கடைசிப் பக்கங்களை அடித்தபோது மட்டும், இனி அவருக்கு அந்தச் சிரமம் இல்லை என்று தோன்றிக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசியில் முதல் வரி ஒன்றுதான் மிஞ்சியது. ஒரு வாரம் அதை அடிக்காமல் வைத்திருந்தாள். ஊருக்கு அது தெரியும், யாரும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு அந்த ஒரே ஒரு வாக்கியத்துக்காக உடையாம்புரம் முழுக்கச் சத்தம் போட்டது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, ஆப்புக்கு அதுவரை தற்காலிகமாக வைத்திருந்த வார்த்தையை மாற்றினாள். ஊரின் எல்லாப் பூட்டையும் திறக்கிற அந்த ஒற்றை வார்த்தையின் இடத்தில், முன்பொரு நாள் அவர் காதில் சொன்ன வாக்கியத்தை, இடைவெளி விடாமல், அவர் எழுதியிருந்தபடியே அடித்தாள். மிக வலுவானது என்று ஆப் பச்சையில் காட்டியது. பதினொரு மணி ஆனது. தவசிலிங்கம் செருமிக்கொண்டு அதைச் சொன்னார். பிறகு அவள் கோடு போட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு உடையாம்புரத்தில் ஒரு காகிதமும் பேசவில்லை. சத்தம் போட வேண்டியதில்லை என்று தெரிந்தும் எல்லாரும் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வந்து கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த நேரத்தில் குருவி கத்துவது கேட்டது.

பத்து நாள் கழித்து, ஒருவருக்குப் பட்டா எடுக்க ஆப்பைத் திறக்கும்போது மாரிக்கனியின் விரல் நடுவில் நின்றுவிட்டது. வாக்கியத்தில் முதலில் வருவது எது, பிறகு வருவது எது என்று தடுமாறியது. இரண்டு தடவை தவறு என்று காட்டியது. மூன்றாவது தடவைதான் திறந்தது. எண்ணூற்றுப் பதினோரு பேரின் வாழ்வு அவளுடைய ஒரு ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதி வைக்க முடியாது, எழுதினால் காகிதம் சொல்லும். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனவள் அவள். எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் மனதில் நிற்கும். கடையில் எப்போதும் ஆள் இருக்கும், வீட்டில் பக்கத்துச் சுவரில் பேசினால் இந்தச் சுவரில் கேட்கும். எங்கே போய்ச் சொல்வது?

“பயமா இருக்கு கிளி. கண்ணால பாத்து எழுதுற ஆளு நான் இல்ல. தெனம் ஒரு தடவ வாயால சொல்லணும், இல்லன்னா போயிரும்” என்று செல்லக்கிளியிடம் சொன்னாள்.

செல்லக்கிளி அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. தங்கபுஷ்பத்திடம் சொல்லியிருக்கலாம், ஊசி போடும்போது நாலு பேரிடமும் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பதினொரு மணிக்கு முதலில் பக்கத்தில் அய்யாத்துரையின் காற்றடிக்கிற மோட்டார் கிளம்பியது. அப்புறம் மாவு மில். அப்புறம் ஹோட்டல் கிரைண்டர், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு, கோயில் ஒலிபெருக்கி, நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் ஹாரன், தெருத்தெருவாக மிக்ஸிகள். கரண்டை நம்பாமல் தங்கபுஷ்பம் வாசலில் உட்கார்ந்து உரலில் இடித்தாள். மாரிக்கனிக்கு என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய் ஜெராக்ஸ் மிஷினை ஓடவிட்டாள்.

அந்தக் கடகடப்புக்குள், அன்று அவர் காதில் சொன்னதற்குப் பிறகு முதல் தடவையாக, அவள் அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொன்னாள். முன்பு காதுக்குள் மெதுவாகச் சொன்னதை இப்போது உரக்கச் சொன்னாள். கேட்பதற்கு அவர் இல்லை என்பது அன்றுதான் முழுசாக உறைத்தது. சொல்வதற்கு அவள் இருக்கிறாள் என்பதும் அன்றுதான் உறைத்தது. அழுதுகொண்டே இன்னொரு தடவையும் சொன்னாள்.

அது என்ன வாக்கியம் என்று உடையாம்புரத்தில் யாருக்கும் தெரியாது, இந்தக் கதைக்குத் தெரிந்தாலும் சொல்லாது, இதுவும் காகிதம்தானே. இன்றைக்கும் பதினொரு மணி ஆனால் ஊர் ஒரு நிமிஷம் சத்தம் போடுகிறது. அவள் சொல்லி முடித்து மிஷினை நிறுத்துவாள். அது கடைசியாகத் தள்ளிய வெற்றுத்தாள் சூடாக வந்து விழும். அதை எடுத்துக் கொஞ்ச நேரம் காதோடு வைத்திருப்பாள். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. திரும்பவும் மிஷின் தட்டிலேயே வைத்துவிட்டு, ஷட்டரை மேலே தள்ளி, அடுத்து யார் என்று கேட்பாள்.